சுழல்பெட்டி திருப்பி அனுப்பிய சிலுவை

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

போலீஸ் நிலையத்துத் தொலைபேசி ஏழு முறை அலறியது. சார்ஜன்ட் தனபாலன் எட்டாவது முறைதான் எடுத்தார். பணி ஓய்வுக்கு இன்னும் நான்கே மாதம். முழங்கால் வலி வேறு. அவசரப்பட்டு என்ன ஆகப் போகிறது?

"ஹலோ... பாலாய் போலீஸ்."

"ஐயா... கோயிலுக்குள்ள ஒரு ஆளு செத்துக் கெடக்குறான்யா! மண்டை பொளந்து!"

"எந்தக் கோயிலு?"

"அம்பாங் பெச்சா தாண்டி... கார்மேல் மடம். நான் புனிதன் பேசுறேன், இங்க கோயில்பிள்ளை, கோயிலப் பாத்துக்கறவன்."

"செத்தவன் யாரு?"

"ரவாங் சசிகுமார்... பழைய சாமான் வித்து வாங்குறவன். சீக்கிரம் வாங்கய்யா... என் கையெல்லாம் ரத்தம்!"

தனபாலன் போனை வைத்துவிட்டு மேலதிகாரி அம்மாவிடம் திரும்பினார்.

"புவான், ஒரு கொலை. கொலைகாரனே போன் பண்ணிட்டான். கேஸ் முடிஞ்சிருச்சு."

இன்ஸ்பெக்டர் கலாவதி தொப்பியை எடுத்தாள்.

"நாலு மாசம் பொறுக்க மாட்டீங்களே... போற போக்குல ஒருத்தன உள்ள தள்ளிட்டுப் போகணும். ஜீப்ப எடுங்க லா."

கலாவதிக்கு முப்பத்தெட்டு வயது. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகள். அப்பாவின் மிரட்டல் அப்படியே வந்திருந்தது. சம்பளம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

செம்பனை மரங்களுக்கு நடுவே வெள்ளைச் சுவர். உள்ளே பதினான்கு கன்னியாஸ்திரீகள். ஒருமுறை உள்ளே போனால் போனதுதான். வெளியே வருவதில்லை. யாரும் துரத்தவில்லை, யாரும் பூட்டவில்லை... தாங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்ட சிறை!

வெளியாட்கள் வந்து கும்பிட ஒரு சின்னக் கோயில். பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய இரும்புக் கம்பி வலை. வலைக்குப் பின்னால் கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் சிஸ்டர்மார் உட்கார்ந்து ஜெபிக்கும் இடம். அவர்கள் பாட்டு வெளியே வரும். முகம் வராது.

கலாவதி கோயிலைச் சுற்றிப் பார்த்தாள்.

எட்டுப் பெஞ்சுகள். எட்டிலும் பித்தளைத் தகடு. 'உபயம்: ரெங்கசாமி மரச்சாமான், புக்கிட் பெருந்துங்.' பீடத்தின் முன்னால் மண்டியிடுகிற மரக் கிராதி. அதிலும் தகடு. மெழுகுவர்த்தித் தண்டில்கூடத் தகடு! கடவுள் பெயர் மட்டும் எங்கும் இல்லை. இடம் போதவில்லை போலும்.

முதல் பெஞ்சுக்குக் கீழே சசிகுமார் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் நீளமான பிளவு.

பெஞ்சின் மேல் ஒரு மரச்சிலுவை. மூன்றடி உயரம். அதில் இயேசு சொரூபம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"இது என்ன, பெஞ்சுல?"

கோயில்பிள்ளை புனிதன் முன்னால் வந்தார். ஐம்பத்தெட்டு வயது. சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். கண்கள் தரையை விட்டு எழவேயில்லை.

"கொக்கி கழண்டு போச்சுன்னு மதியம் உள்ளருந்து ஒரு சிலுவ குடுத்தாங்க புவான். நடுவுல தொளை போட்டு வச்சேன். கொக்கி பத்தல. சாப்ட்டு வந்து மாட்டலாம்னு இங்கயே வச்சிட்டுப் போனேன்."

"சசிகுமார் எப்ப வந்தான்?"

"ஒன்னேகாலுக்கு. மதர உடனே பாக்கணும்னான். இது மௌன நேரம், மூணு மணிக்கு மேல வான்னேன். கேக்கல. நெட்டித் தள்ளுனான்... நானும் தள்ளிட்டேன்."

"அப்புறம்?"

"கோயில்லயே உக்காந்திருடான்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மூணு மணிக்கு வந்து பாத்தா... இப்படி. உசுரு இருக்கான்னு தலையத் தூக்கி மடில வச்சேன் புவான். அதான் இந்த ரத்தம்."

தனபாலன் ஒரு கருவிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"இவர் பெட்டில சுத்தியல் இருக்கு புவான். செவப்பா கறை வேற."

"பெயிண்ட்டுய்யா அது! கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சேன்!"

"எல்லாரும் பெயிண்ட்டுன்னுதான் சொல்லுவாங்க."

வாசலில் யாரோ கனைத்தார்கள்.

வெள்ளைச் சட்டை. நெற்றி நிறைய விபூதி. கழுத்தில் சங்கிலி. அந்தத் தகடுகளின் சொந்தக்காரர்... ரெங்கசாமியேதான்!

"தங்கச்சி, நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"இன்ஸ்பெக்டர்னே கூப்பிடுங்க. எனக்கு அண்ணன் மூணு பேரு இருக்காங்க, அதுவே போதும்."

ரெங்கசாமி சிரித்தார். கோபமே வராத மனிதர். சுல்தான் தரும் டத்தோ பட்டத்துக்கு நான்கு வருடமாகக் காத்திருக்கிறவர் எப்படிக் கோபப்பட முடியும்?

"கோலசிலாங்கூர் பக்கம் ஒரு கோயிலுக்கு ஆறு சிலுவ கொண்டு போறேன். வழியில மதர பாத்துட்டுப் போலாம்னு ஒரு மணிக்கே வந்துட்டேன். மழை. லோரிலயே படுத்துட்டேன்."

"ஏதாவது கேட்டுச்சா?"

"சொல்ல மனசு வரல... புனிதன் கத்துனது கேட்டுச்சு. 'மரியாதையா போயிரு'ன்னு. அப்புறம் தூங்கிட்டேன். அலறல் கேட்டுத்தான் எந்திரிச்சேன்."

"லோரிய விட்டு எறங்கவே இல்ல?"

"எறங்கல. கோயிலுக்குள்ள இன்னைக்குக் காலே வைக்கல." குரலைத் தணித்தார். "புனிதன் நல்ல மனுசன். கை நீட்டிட்டான். வக்கீலுக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

எவ்வளவு தங்கமான மனசு! முதலில் கழுத்தில் கயிறு... பிறகு கயிறு உறுத்தாமல் இருக்கத் துண்டு!

"சார்ஜன்ட், லோரியப் பாத்தீங்களா?"

"பாத்தேன் புவான். ஆறு சிலுவ, பிளாஸ்டிக் சுத்தி. டெலிவரி ஓடர்லயும் ஆறு. கணக்கு சரி."

"லோரி இங்கயே நிக்கட்டும். யாரும் போகக் கூடாது. புனிதன ஜீப்புல உக்கார வைங்க."

புனிதன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"புவான்... என் சம்சாரம் இராஜம்மாவுக்கு நாளைக்கு டயாலிசிஸ். வாரத்துல மூணு நாளு நான்தான் தூக்கி உக்கார வச்சுக் கூட்டிப் போறேன். புள்ளைங்க இல்ல. என்னைய உள்ள வச்சிட்டீங்கன்னா அவ செத்துருவா புவான்!"

கலாவதி மழையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பார்வையாளர் அறை.

இங்கேயும் சுவரின் நடுவே கம்பி வலை. அந்தப் பக்கம் வயதான ஒரு முகம். மடத்துத் தலைவி மதர்.

"நீங்க கம்பிக்கு உள்ள... நான் வெளிய," என்றாள் கலாவதி. "எனக்கு இது பழகுன ஏற்பாடுதான் மதர். ஆனா உள்ள இருக்கறவங்க இவ்வளவு நிம்மதியா இருந்து நான் பாத்ததில்ல."

மதர் சிரித்தார்.

"புனிதன் செய்யலம்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

"பதினொரு வருஷமா தெரியும்."

"கோர்ட்ல அது சாட்சி இல்ல மதர். ஏதாவது கேட்டீங்களா?"

"மௌன நேரத்துல நான் திரைக்குப் பின்னால ஜெபத்துல இருந்தேன். ஒன்னேமுக்கால் இருக்கும். 'டொக்'குன்னு ஒரு சத்தம். அப்புறம் பெஞ்ச நகத்துற சத்தம்."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம்! பெஞ்ச இழுக்கறது... நிறுத்தறது... இன்னொன்ன இழுக்கறது. வெள்ளிக்கெழம புனிதன் கோயிலக் கூட்டுவான். அதான்னு நெனச்சேன். திரைய விலக்கிப் பாத்திருந்தா..."

மதரின் கண்கள் கலங்கின.

வெளியே வந்ததும் தனபாலன் காதைக் கடித்தார்.

"கொன்னுட்டுக் கூட்டிப் பெருக்கியிருக்கான் புவான். சுத்தமான ஆளு."

"கூட்டுனவன் ரத்தத்த மட்டும் விட்டு வச்சிட்டானா? யாரோ எதையோ தேடியிருக்கான் சார்ஜன்ட்."

"எதை?"

"அது தெரிஞ்சா எனக்கு எதுக்கு நீங்க?"

கைத்தொலைபேசி அடித்தது. சசிகுமாரின் மனைவி மாலா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அவரு ஏன் மடத்துக்குப் போனாரு தெரியுமா புவான்? சாமி குத்தம்!"

"புரியற மாதிரி சொல்லுங்கம்மா."

"அந்தக் கோயில்ல முட்டி போட்டுக் கும்புடுற பழைய, வெல ஒசந்த செங்கால் மரக் கிராதி இருந்துச்சாம். யாரோ அதைத் தூக்கிக் குடுத்திருக்காங்க. இவரு செகிஞ்சான்ல வயக்காட்டு ஓரமா ஒரு காப்பிக் கடைக்கு வித்துட்டாரு. ஜனங்க அதுல சாஞ்சிக்கிட்டு போட்டோ புடிக்கிறாங்க புவான்!"

"கோயில்ல கிராதி இருக்கே?"

"அது புதுசு. ரப்பர் பலகைல அதே மாதிரி செஞ்சு சாயம் பூசி வச்சிருக்காங்களாம். வித்ததுலருந்து எங்க மவளுக்குக் காய்ச்சல் வுடவே இல்ல. குறி கேட்டோம். வேத்து சாமி பொருள் வீட்ட மிதிச்சிருக்குன்னாங்க. போயி மதர் கால்ல வுழுந்து சொல்லிருங்கன்னு நான்தான் அனுப்புனேன்... நானே அனுப்பிட்டேனே!"

"கிராதியத் தூக்கிக் குடுத்தது யாரு?"

"அதச் சொல்லல புவான். 'மதர்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன்'னு போனாரு."

போன் அடங்கியது. கலாவதி விவரம் சொல்ல, தனபாலன் ரெங்கசாமியிடம் கிராதியைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார்.

தனபாலன் மீசையைத் தடவினார்.

"கோயில் சாவி யார்கிட்ட? புனிதன்கிட்ட. கிராதிய யாரு தூக்கிக் குடுத்திருக்க முடியும்? புனிதன். சசி மதர்கிட்ட சொன்னா யாருக்கு வேலை போகும்? புனிதனுக்கு. எழுதிறவா புவான்?"

"அதைச் செஞ்சு குடுத்த தச்சன் ஒருத்தன் இருப்பான் இல்ல?"

"தச்சன்னா ரெங்கசாமிதான். ஆனா அவரு பாலிஷ் போட எடுத்துட்டுப் போயி, பழசையே திருப்பிக் கொண்டாந்து வச்சேங்கிறாரு. அதுக்கப்புறம் யாரோ மாத்திட்டாங்களாம். லோரிலருந்து எறங்கவும் இல்லங்கிறாரு. எறங்குனத யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. அதுதான் தலைவலி.

புனிதன் கையில் விலங்கு ஏறியது. கலாவதிதான் உத்தரவிட்டாள். வேறு வழி இல்லை. அவர் அழுகிற சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது.

கிணிங்! கிணிங்!

மடத்துச் சுவரில் மணி அடித்தது.

சுவரில் ஒரு மரச் சுழல்பெட்டி பதித்திருந்தது. பீப்பாய் அளவு. ஒரு பக்கம் மட்டும் திறப்பு. சாமானை வைத்துச் சுழற்றினால் அந்தப் பக்கம் போகும். கொடுப்பவர் முகம் வாங்குபவருக்குத் தெரியாது. உணவு டெலிவரி பையன்கள் பிறப்பதற்கு நானூறு வருடம் முன்பே கண்டுபிடித்த ஏற்பாடு!

உள்ளிருந்து மதரின் குரல் வந்தது.

"இன்ஸ்பெக்டர் அம்மா... சங்கடத்துல கேக்கறேன். இன்னைக்குச் சாயங்காலம் புது சிஸ்டர் ஒருத்தங்க தங்களோட அறைக்குப் போறாங்க. புனிதன்கிட்ட குடுத்த சிலுவையத் தர முடியுமா? அவங்க அறைக்கு உள்ளதே அதுதான்."

"கட்டில் மேசையெல்லாம் இல்லையா மதர்?"

"ஒரு பலகை. ஒரு முக்காலி. ஒரு சிலுவை."

தடயப் பிரிவினர் சிலுவையைப் பார்த்து முடித்திருந்தார்கள். ரத்தம் இல்லை. கைரேகை இல்லை. துடைத்து வைத்தது போலச் சுத்தம்.

கலாவதி சிலுவையைப் பெட்டியில் வைத்தாள். சுழற்றினாள்.

கர்ர்ர்ர்...

கலாவதி பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து விநாடி...

இருபது விநாடி...

கர்ர்ர்ர்!

பெட்டி திரும்பிச் சுழன்றது. சிலுவை அதே இடத்தில் இருந்தது!

"என்ன மதர்?"

"இது எங்களோடது இல்லம்மா."

"பெஞ்சுல இருந்தது இது ஒண்ணுதான் மதர்!"

"இதுல இயேசு இருக்காரே!"

கலாவதி விழித்தாள்.

"சிலுவைல இயேசு இல்லாம வேற யாரு இருப்பாங்க?"

"வெளிக் கோயில்ல நீங்க சொல்றது சரி. எங்க அறைங்கள்ல மட்டும் வெறும் சிலுவதான். சொரூபமே வைக்க மாட்டோம். அந்தக் காலி எடம் அந்த அறையில இருக்கற சிஸ்டருக்கு. தெனம் காலைல எழுந்து பாக்குறப்ப, இது உன்னோட எடம்னு ஞாபகம் வரணும். நூத்துக்கணக்கான வருஷத்து வழக்கம்."

"அப்ப... புனிதன்கிட்ட குடுத்தது?"

"வெறும் மரம்மா. தொளை போட்டுட்டேன்னு மதியமே அவன் எங்கிட்ட சொன்னான். இதுல தொளை எங்க?"

கலாவதி சிலுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

துளை இல்லை!

மதரின் கால் மணி நேரம்... பெஞ்சை இழுப்பது... நிறுத்துவது... இன்னொன்றை இழுப்பது...

"மதர்... உங்க அறைச் சிலுவ இப்படி இருக்கும்னு வெளிய யாருக்குத் தெரியும்?"

"புனிதனுக்குத் தெரியும். அவன்தான எல்லாத்துக்கும் கொக்கி மாட்டுவான்."

"ரெங்கசாமிக்கு?"

"அவர் உள்ள வந்ததே இல்லையே. வெளிக் கோயில் வேலை மட்டும்தான் அவருக்கு."

கலாவதி தொப்பியைச் சரிசெய்தாள். முதன்முறையாக அன்றைக்குச் சிரித்தாள்.

ரெங்கசாமி கோயில் வாசலில் கைத்தொலைபேசியில் யாருக்கோ வக்கீல் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் கலாவதி. "கேஸ் முடிஞ்சிருச்சு. புனிதன் உள்ள போயிருவாரு. நீங்க கெளம்பலாம்."

"கேக்கவே மனசு கஷ்டமா இருக்கு தங்கச்சி."

"எனக்கும்தான். ஒரே ஒரு விஷயம்தான் இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுவும் இப்பக் கெடச்சிருச்சு."

"என்னா அது?"

"சின்ன சாமான்தான். சிலுவைலருந்து ஒடஞ்சு விழுந்த இயேசு சொரூபம். பெஞ்சுக்கு அடியில கெடந்துச்சு. அதுல கைரேகை அருமையா பதிஞ்சிருக்கு."

ரெங்கசாமியின் முகம் வெளுத்தது.

"பெஞ்சுக்கு அடியிலயா? இருக்காதே!"

"ஏன்?"

"எட்டு பெஞ்சையும் நகத்திப் பாத்..."

நின்றார்.

வாய் திறந்தபடியே இருந்தது.

மழை சட்டென்று பெரிதாகக் கேட்டது.

"பாத்... என்ன? முடிங்க லா," என்றாள் கலாவதி. "எட்டு பெஞ்சையும் நகத்திப் பாத்தீங்க. இன்னைக்குக் கோயிலுக்குள்ள காலே வைக்காம. லோரில தூங்கிக்கிட்டே. பெரிய வித்தை!"

"நான்... அது... போன மாசம்..."

"போன மாசம் எந்த சொரூபத்தத் தேடுனீங்க?"

ரெங்கசாமி கழுத்துச் சங்கிலியைத் திருகினார்.

"நான் சொல்லவா? சசிகுமார் கிராதி விஷயத்த மதர்கிட்ட சொல்ல வந்தான். செங்கால் மரத்த அவன்கிட்ட குடுத்துட்டு, ரப்பர் பலகைய வச்சுத் தகடு அடிச்சது நீங்க. கெஞ்சிப் பாத்தீங்க, கேக்கல. பெஞ்சுல கெடந்த சிலுவய எடுத்து மண்டைல போட்டீங்க. அப்புறந்தான் கையில இருக்கறதப் பாத்தீங்க. சிலுவ இருக்கு, நடுவுல தொளை இருக்கு... சாமியக் காணோம்! அடிச்ச அடியில தெறிச்சுப் போச்சுன்னு நெனச்சு, கால் மணி நேரம் மண்டி போட்டுத் தேடியிருக்கீங்க."

ரெங்கசாமியின் விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

"கெடைக்கல. அதனால லோரிலருந்து புதுசா ஒரு சிலுவ, சாமியோட. பெஞ்சுல வச்சிட்டீங்க. சார்ஜன்ட்!"

"புவான்!"

"லோரில ஆறு சிலுவையும் பிளாஸ்டிக்கப் பிரிங்க."

தனபாலனின் முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. ஓடினார்.

ஒன்று... இயேசு.

இரண்டு... இயேசு.

மூன்று... நான்கு... ஐந்து...

ஆறாவது பொட்டலம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. பிளாஸ்டிக் மூன்று சுற்று கூடுதல்.

வெறும் மரம். நடுவில் ஒரு துளை. ஒரு முனையில் காய்ந்து கறுத்த ரத்தம்.

"புவான்ன்ன்!"

ரெங்கசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... அந்த சொரூபம்... எந்த பெஞ்சுக்கு அடியில இருந்துச்சு?"

பாவம், இன்னும் தேடுகிறார்!

"எந்த பெஞ்சுக்கு அடியிலயும் இல்ல," என்றாள் கலாவதி. "அந்தச் சிலுவைல சாமியே கெடையாது. செஞ்ச நாள்லருந்து கெடையாது. இல்லாத சாமியத் தேடித்தான் மாட்டிக்கிட்டீங்க."

ஜீப்பின் கதவு திறந்தது. தனபாலன் புனிதன் கையிலிருந்து விலங்கைக் கழற்றினார். முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க புனிதன். நாளைக்கு டயாலிசிஸ் எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்குங்கய்யா."

"ஆறரைக்கு நான் காரு கொண்டு வர்றேன். உங்க வீட்டம்மாவ ரெண்டு பேருமா தூக்கி உக்கார வைப்போம்."

புனிதன் வாய்விட்டு அழுதார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மதரும் அழுதுகொண்டிருந்தார்.

"சிலுவ கோர்ட்டுக்குப் போகும் மதர்," என்றாள் கலாவதி. "திரும்பி வர நாளாகும். புது சிஸ்டர் கோவிச்சுக்குவாங்களா?"

"செவுத்துல ஆணி இருக்கும்மா. இன்னைக்கு அதப் பாத்து ஜெபிச்சுக்கட்டும். புனிதன எங்களுக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்களே."

அதே விலங்கு இப்போது ரெங்கசாமி கையில் ஏறியது. சட்டென்று அவருக்கு ஞாபகம் வந்ததுபோல் நிமிர்ந்தார்.

"தங்கச்சி... எனக்குப் பெரிய எடத்துல எல்லாம் ஆளு தெரியும். லோக்காப்புல என்னால இருக்க முடியாது. ஏர்கோன் இல்லாம ஒரு நாள் தூங்குனதில்ல!"

கலாவதி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒரு சின்ன அறை, ஒரு பலகை, முன்னால கம்பி, ஆயுசுக்கும் வெளிய வர முடியாது. இந்த வாழ்க்கைக்கு உள்ள இருக்கற சிஸ்டர்மாரு வருஷக்கணக்கா பயிற்சி எடுத்து, மதர் சம்மதிச்சாத்தான் எடம் கெடைக்கும்... உங்களுக்கு மட்டும் டைரெக்ட் அட்மிஷன்!"